தீர்த்தம் பட்டதும் ஓடிய சிவப்பு

காஞ்சிபுரம் ஓரிக்கையில் சுகாசினி வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே சிட்டிபாபு வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

“அக்கா, கவனிச்சியா? அத்தனை செருப்பும் ரோட்டைப் பாத்துக்கினு நிக்குது. கழட்டும்போதே கிளம்பற முடிவோட கழட்டியிருக்காங்க.”

பின் சீட்டிலிருந்து இறங்கிய சம்பூர்ணம் முந்தானையை உதறிக்கொண்டாள். பாதி ஆயுசைப் பட்டுக்கடை கவுண்டரில் புடவை விரித்துக் காட்டியே கழித்தவள் அவள். படியேறி வருகிறவள் வாங்க வந்தவளா, விலையை மட்டும் கேட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நழுவப் போகிறவளா என்று நடையை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணை மூலதனமாகப் போட்டு இப்போது துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. சிட்டிபாபு அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், சமயத்தில் வாய். தறி நெய்யும் தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. தறியில் உட்காரப் பொறுமையில்லாமல் பேச்சை மட்டும் நெய்துகொண்டு திரிகிறவன். அவனுக்கு ஒரு மனக்குறை உண்டு. போகிற வீட்டிலெல்லாம் முதலில் அவனைத்தான் துப்பறிகிறவர் என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். காப்பி வருவதற்குள் அந்த நாற்காலி அக்காவுக்குப் போய்விடும்.

உள்ளே கூட்டமாகப் பெண்கள். நடுவில், துணியில் படம் வரைந்து கொடுக்கிற சுகாசினி, விரல் நகமெல்லாம் நீலமும் பச்சையுமாக, ஒவ்வொருத்தியின் துணியையும் எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“மயிலுக்கு இன்னும் தோகை போடலைக்கா,” என்றாள் ஒருத்தியிடம்.

“பரவால்ல. கோழின்னு சொல்லிக்கறேன். பிளவுஸைக் குடு,” என்றாள் அவள்.

கடைசிச் செருப்பும் கிளம்பிய பிறகு சுகாசினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுது முடித்த முகம். அழுத முகம் இவ்வளவு லட்சணமாக இருப்பது நியாயமில்லை என்று சிட்டிபாபுவுக்குத் தோன்றியது. விசாரணை ஆரம்பிக்கும் முன்பே அவன் தீர்ப்பு எழுதிவிட்டான்: இவள் நிரபராதி.

“நேத்து என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லும்மா,” என்றாள் சம்பூர்ணம்.

நடந்தது இதுதான். மாகறல் கமலுக்கும் தென்னேரி லைன்மேன் யேசுதாஸின் மகள் ஜோதிகாவுக்கும் நேற்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வைக்கிற புடவை வெள்ளைப் பட்டு. அதில் வெளிர்நீல லில்லிப் பூக்கள் வரையும் வேலையைக் கமலின் அக்கா ஜெயப்ரியா சுகாசினியிடம் கொடுத்திருந்தாள். தட்டிலிருந்து புடவையை எடுத்து, விரித்து, வழக்கப்படி மணப்பெண்ணின் தோளில் போட்டார்கள். ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். துளி பட்டதும் பெண்ணின் இடது தோளிலிருந்து சிவப்பு வழிந்து இறங்கியது. ரத்தம் என்று ஒரு கிழவி அலறினாள். தட்டு கவிழ்ந்தது. நிச்சயம் நின்றது.

“மட்டமான சாயத்தைப் போட்டு வேணும்னே கெடுத்துட்டேன்னு கமலோட அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கினு இருக்காங்க. இனிமே யாரு என்கிட்ட துணி குடுப்பாங்க? என் பேரு போச்சுக்கா. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான்.”

“வேணும்னே ஏன் கெடுக்கணும்?” என்று சிட்டிபாபு கேட்டான்.

சுகாசினி நகத்து நீலத்தைச் சுரண்டினாள். “கமலும் நானும் முன்னாடி… பேசிக்கினு இருந்தோம். ஊருக்கே தெரியும். அதெல்லாம் முடிஞ்சு போச்சு.”

சிட்டிபாபுவுக்கு அந்தக் கமலைப் பார்க்காமலே பிடிக்காமல் போனது. முடிந்துபோனது என்று அவள் சொன்னபோது குரல் முடியவில்லை என்பதையும் அவன் காது குறித்துக்கொண்டது. காதுக்கு வேறு வேலை இல்லை.

“உன் சாயம் போகாதுன்னு எப்படி அடிச்சுச் சொல்ற?” என்றாள் சம்பூர்ணம்.

தொழிலைப் பற்றிக் கேட்டதும் சுகாசினி நிமிர்ந்தாள். “புதுத்துணியை முதல்ல அலசி மொடமொடப்பை எடுத்துடுவேன். கஞ்சி மேல கலர் நிக்காது. அப்புறம் துணிக்குன்னே விக்கற பெயிண்ட். நிழல்ல காயவச்சு, பின்பக்கமாத் தேய்ப்பேன். சூடு ஏறிடுச்சுன்னா நூலோட நூலா ஆயிடும். கிழிஞ்சாத்தான் போகும்.”

சிட்டிபாபு தன் போனை நீட்டினான். நிச்சயதார்த்த வீடியோ அதற்குள் பாதிக் காஞ்சிபுரத்தைச் சுற்றி வந்திருந்தது. “பாருக்கா. தீர்த்தம் புடவை முழுக்கத் தெளிச்சிருக்குது. ஆனா அழுதது ஒரே ஒரு பூ. மத்ததெல்லாம் கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்குது. இத்தனை பூவுல ஒண்ணுக்கு மட்டும் ஏன் அவ்ளோ துக்கம்?”

சம்பூர்ணம் மெச்சுகிறாளா என்று பார்த்தான். அவள் வீடியோவைப் பின்னால் தள்ளி, தட்டு இன்னும் கலையாமல் இருந்த இடத்தில் நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ புடவையைக் குடுக்கும்போது எப்படிம்மா மடிச்சே?”

“கடை மடிப்புதான். முந்தி மேலாகத் தெரியற மாதிரி.”

“ம்,” என்றாள் சம்பூர்ணம். பிறகு போனைச் சுகாசினியின் பக்கம் திருப்பினாள். “ஓடுதே, இந்தச் சிவப்புப் பூ. நீ போட்டதா?”

நேற்று அழைப்பில்லாத சுகாசினி அந்தக் காட்சியை இப்போதுதான் பார்க்கிறாள். பார்த்தாள். திரும்ப ஒருமுறை பார்த்தாள். “நான் சிவப்பே போடலை,” என்று மெல்லச் சொன்னாள். அடுத்த நிமிஷம் எழுந்துவிட்டாள். “விட்டுடுங்கக்கா. பேரு போனா போகட்டும். நான் வேற ஊர்ல பாத்துக்கறேன்.”

“பாத்தியாக்கா!” என்றான் சிட்டிபாபு வெளியே வந்ததும். “எவ்ளோ நல்ல மனசு. தப்பு பண்ணவங்களைக் கூடக் காட்டிக் குடுக்க மாட்டேங்குது.”

“நல்ல மனசா?” சம்பூர்ணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “காலையில என்னைக் கூப்பிட்டது அவ. இப்ப வேணாங்கறதும் அவ. நடுவுல அவ பாத்தது ஒரு பூவை. கடையில ஒருத்தி ஆசையா எடுத்த புடவையைத் திடீர்னு கீழ வச்சான்னா, அதுல அவளுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். உள்ள போய் அவளைக் கிளப்பு. பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கச் சொல்லு.”

*

தென்னேரியில் யேசுதாஸ் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாகறலிலிருந்து கமலின் அம்மா, அக்கா ஜெயப்ரியா, கமல். இந்தப் பக்கம் யேசுதாஸும் ஜோதிகாவும். நடுவில் பிளாஸ்டிக் பையில் அந்தப் புடவை. நிச்சயத்தை மறுபடி வைப்பதா, முறிப்பதா என்று பேச உட்கார்ந்தவர்கள் சுகாசினியைக் கண்டதும் இரண்டு தரப்பும் ஒரே தரப்பானார்கள்.

“இவளை எதுக்கு இட்டுக்கினு வந்தீங்க?” என்று கமலின் அம்மா எகிறினாள். “என் புள்ளை கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்ல கண்ட சாயத்தைப் பூசிக் குடுத்தவ!”

சிட்டிபாபு கமலைப் பார்த்தான். ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர். மடிப்புக் கலையாத சட்டை, உயரம், அளவான தாடி. ஏதாவது குறை கிடைக்குமா என்று தலையிலிருந்து கால் வரை தேடினான். காது கொஞ்சம் பெரிது. சின்ன ஆறுதல்.

சம்பூர்ணம் பையிலிருந்து புடவையை எடுத்து, சிவப்புக் கறை இருந்த முந்தானைப் பக்கத்தைப் பிடித்து, காஞ்சிபுரத்தில் புடவை வாங்குகிற எவளும் செய்வதுபோல மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது. பழையபடி திருப்பிவிட்டாள். என்ன பார்த்தாள் என்று சிட்டிபாபு எட்டிப் பார்ப்பதற்குள் புடவை அவள் மடியில் சுருண்டுவிட்டது.

“ஜெயப்ரியா, தட்டுல புடவை வச்சது நீயாம்மா?”

“அம்மாதான் வச்சாங்க. பையிலேர்ந்து எடுத்து அப்படியே வச்சிட்டாங்க. மடிச்சேதானே வந்துச்சு.”

“சரிதான்.” சம்பூர்ணம் கமலிடம் புடவையை நீட்டினாள். “தம்பி, என் கை வலிக்குது. இதைக் கொஞ்சம் மடிச்சுக் குடேன்.”

கமல் வாங்கிக்கொண்டான். ஒரு முனையை அக்காவிடம் கொடுத்து இழுத்துப் பிடித்து, நீளவாக்கில் இரண்டாக்கி, மறுபடி இரண்டாக்கி, நுனியோடு நுனி சேர்த்து, தொடையில் வைத்துத் தட்டி, கச்சிதமான ஒரு சதுரமாக நீட்டினான்.

சிட்டிபாபுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அண்ணாத்தே, இது புடவைப்பா. இப்படி மடிச்சா இடுப்புல கட்டிக்கினு ஓட்டுக் கேக்கத்தான் போவணும்.”

சம்பூர்ணம் போனைத் தரையில் வைத்தாள். தட்டில் பூவும் பழமும் நடுவே புடவையும். அதே சதுரம். முந்தானை உள்ளே போய் ஒளிந்துகொண்ட அதே மடிப்பு.

“ஓரிக்கையிலேர்ந்து இது கடை மடிப்புல போச்சு. தட்டுக்கு வந்தது வேட்டி மடிப்புல. நடுவுல யாரோ ஒரு ஆம்பளை பிரிச்சு மடிச்சிருக்காரு.”

“நான் மடிச்சாக் கூட அப்படித்தாம்மா மடிப்பேன்,” என்றார் யேசுதாஸ், எதற்கும் இருக்கட்டும் என்று.

“மடிப்பீங்கண்ணா. ஆனா உங்க வீட்டுக்கு இது தட்டோடதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல வேட்டி கட்டறவரு ஒருத்தர்தான்.”

எல்லாத் தலையும் திரும்பியது. கமலின் பெரிய காதுகள் சிவந்தன. அதைப் பார்த்துச் சிட்டிபாபு அடைந்த சந்தோஷத்தை எந்த வேதமும் மன்னிக்காது.

“நான்தான்,” என்றான் கமல். “பிரிச்சுப் பாத்தேன். ஒரு… கறை இருந்துச்சு. அக்கா பொண்ணோட டிராயிங் கலரை எடுத்து அது மேல ஒரு பூ போட்டு மறைச்சேன். தண்ணி பட்டா ஓடும்னு தோணலை. தீர்த்தம் தெளிப்பாங்கன்னே மறந்துட்டேன்.”

“பள்ளிக்கூடத்துக் கலரா?” ஜெயப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். “புள்ளை சிவப்பைக் காணோம் காணோம்னு அழுதுச்சுடா!”

“அப்போ சுகாசினி மேல தப்பே இல்ல!” என்று சிட்டிபாபு கூவினான். வழக்கு முடிந்தது. அவளைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகையும் தயார் செய்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கமலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன கறை?” என்று கேட்டது ஜோதிகா. அதுவரை வாயைத் திறக்காதவள்.

கமல் தரையைப் பார்த்தான்.

“கறைன்னா எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நீங்களே உக்காந்து பூ போடற அளவுக்கு அப்படி என்ன கறை?”

சம்பூர்ணம் எழுந்து சுகாசினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஒரு பக்கெட் தண்ணி போதும். பள்ளிக்கூடத்துக் கலர் கரைஞ்சுடும். நீ போட்டது அத்தனையும் நிக்கும். உன் சாயம் நல்ல சாயம்னு இவங்க கண்ணாலயே பாத்துடலாம். ஆனா…” குரலைத் தாழ்த்தினாள். சிட்டிபாபுவுக்கு மட்டும் கேட்டது. “நிக்கறதுன்னா *எல்லாமும்* நிக்கும். நான் பின்பக்கம் பாத்துட்டேன். ஊத்தவா, வேணாமா? நீயே சொல்லு. நீ வேணாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். உன் பேரு இப்படியே போகும்.”

சுகாசினி சுற்றி ஒருமுறை பார்த்தாள். “கண்ட சாயம்,” என்று கமலின் அம்மா மறுபடி முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அந்த ஒரு வார்த்தைதான். சுகாசினி எழுந்தாள். நேரே பின்கட்டுக்குப் போனாள்.

பட்டுப்புடவை பக்கெட்டுக்குள் போனபோது பெண்கள் போட்ட கூச்சல் நேற்றைய கூச்சலைத் தோற்கடித்தது. சுகாசினி காதில் வாங்கவில்லை. ஷாம்பூவைக் கரைத்து, முந்தானையை உள்ளங்கையில் ஏந்தி, குவளை குவளையாகத் தானே ஊற்றினாள். சிவப்பு கரைந்து கரைந்து ஓடியது. பிறகு வெளுத்தது. கடைசியில் ரோஜா நிறத்தில் ஒரு நிழல் மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றி நீல லில்லிகள் இப்போதுதான் பறித்தவைபோல நின்றன. ஒரு இதழ்கூடக் கலங்கவில்லை.

“நல்ல சாயந்தான்,” என்றாள் கமலின் அம்மா, பல்லைப் பிடுங்கக் கொடுத்தவள்போல.

“அதை ஓரிக்கைக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா. நேத்து சொன்ன அத்தனை பேருக்கும்,” என்றாள் சம்பூர்ணம்.

ஜோதிகா குனிந்து பார்த்தாள். மறைந்துபோன சிவப்புக்கு அடியில், ஒரு லில்லியின் நெஞ்சில், நகத்தளவில், கருநீலத்தில் ஒரு எழுத்து.

*சு.*

ஈரப் புடவையை அப்படியே தூக்கித் தன் இடது தோளில் போட்டுப் பார்த்தாள் ஜோதிகா. தண்ணீர் சொட்டியது. கட்டினால் அந்தப் பூ எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கட்டினவளுக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. எதிரில் நிற்கிற புருஷனுக்கு ஒவ்வொரு தடவையும் தெரியும்.

“கை வேலைன்னா பேரு போடறது வழக்கந்தானே,” என்று சிட்டிபாபு ஆரம்பித்தான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. காலையில் திரும்பிப் போன துணிகளில் ஒன்றில்கூட அவன் எழுத்து எதையும் பார்க்கவில்லை.

“பேரு இல்லை,” என்றாள் சுகாசினி. நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றாள். “எனக்குப் பொறாமையே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். நெசமாத்தான் சொன்னேன். கடைசிப் பூ போடறப்போ கை தானாப் போயிடுச்சு. அவரு மட்டும் பாக்கணும்னு. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் நீ இதைக் கட்டுவே, அவரு என்னைப் படிக்கணும்னு. அவ்ளோதான்.”

கமலின் அம்மா வாயைத் திறந்தாள். ஜோதிகா கையைக் காட்டியதும் மூடினாள்.

“எழுதினது அவ,” என்று ஜோதிகா கமலைப் பார்த்துச் சொன்னாள். “பாத்ததும் என்கிட்ட வந்து சொல்லாம, திருப்பியும் குடுக்காம, மேல பூ போட்டது நீங்க. அவளை என்கிட்டேர்ந்து காப்பாத்தினீங்களா, உங்களைக் காப்பாத்திக்கினீங்களா?”

“பிரச்சினை வேணாம்னுதான்…” என்றான் கமல்.

“கத்திரி எடுத்தாம்மா,” என்றார் யேசுதாஸ். “வெட்டி எறிஞ்சுடலாம்.”

“வெட்டினா ஓட்டை தெரியும்ப்பா. ஓட்டையைப் பாக்கறப்பல்லாம் இது ஞாபகம் வரும்.” ஜோதிகா சுகாசினியிடம் திரும்பினாள். “இது போகவே போகாதா?”

“போகாது,” என்றாள் சுகாசினி. இந்த நிலையிலும் அதில் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது.

“பெயிண்ட் கொண்டாந்திருக்க இல்ல? உக்காரு. அதே நீலத்துல, அதே அளவுல, பக்கத்துல ‘பம்’னு எழுது.”

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. சிட்டிபாபுதான் முதலில் உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினான். *சு… பம்.* சம்பூர்ணம் தன் வாழ்நாளில் பார்த்த பேரங்களிலேயே இதுதான் உசத்தி என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

முந்தானையை ஃபேன் காற்றில் உலர்த்தி, அட்டையில் இழுத்துக் கட்டி, சுகாசினி உட்கார்ந்தாள். ஜோதிகா எதிரில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு நிழல் விழாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டான். இந்த அழகான கையெழுத்தில் தன் பெயர் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. கமலின் பெயரை விட ரெண்டு எழுத்து அதிகம்; நேரமாவது கூட ஆகும்.

எழுதி முடித்துச் சுகாசினி நகர்ந்தாள். ஈரம் காயும்வரை ஜோதிகா காத்திருந்தாள். பிறகு முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கமலுக்கு நேரே போய் நின்றாள்.

“படிங்க.”

“ஜோ, எல்லார் முன்னாடியும்…”

“எல்லார் முன்னாடியுந்தான். படிங்க.”

கமல் குனிந்து பார்த்தான். “சு,” என்றான். அங்கே ஒரு மூச்சு நின்றான். பிறகுதான் “பம்” என்றான்.

அந்த ஒரு மூச்சைச் சிட்டிபாபு கேட்டான். சுவரோரம் டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த சுகாசினியும் கேட்டாள். மூடி பாதியில் நின்றது.

ஜோதிகா நகரவில்லை.

“நடுவுல நிறுத்தாம,” என்றாள். “இன்னொரு தடவை.”